கை கூப்பிய படம்

எத்திராஜை அறுக்காமல் கொடுங்கள் என்று கேட்டவள் வனஜாதான். யாரும் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கேட்க வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிறகு நாலு வருஷம் கோர்ட்டில் எல்லாரும் இதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்.

எத்திராஜுக்கு மொசைக் தரைக்குப் பாலிஷ் போடும் வேலை. வீடு ஜோகுபாளையத்தில். வேலை, பழைய மதராஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஐந்து மாடி அபார்ட்மெண்டில். பாலிஷ் மிஷினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தரையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆள் அதன் பின்னாலேயே போக வேண்டும். காலடியில் தண்ணீர், கையில் கரண்டில் ஓடுகிற இரும்பு. அந்த மிஷினின் ஒயரில் ஏழு இடத்தில் ஒட்டுப் போட்டுக் கருப்பு டேப் சுற்றியிருந்தது. ஏழு என்று வனஜாவுக்கு எப்படித் தெரியும் என்றால், அவனே ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே விரல் விட்டு எண்ணிக் காட்டினான்.

"ரெண்டு நாளா கைப்பிடி சுர்ருன்னு இழுக்குது வனஜா."

"கண்ட்ராக்டர்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேன். ரப்பர் செருப்பு போட்டுக்கோன்னாரு."

மறுநாள் அவள் அல்சூர் மார்க்கெட்டில் ஒரு ஜோடி ஹவாய் செருப்பு வாங்கி வந்தாள். நீலப் பட்டை. எத்திராஜ் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனது மொத்தம் ஒரே ஒரு நாள்தான். தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆடி மாசத்துத் திங்கட்கிழமை.

வனஜா இந்திரா நகரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குச் சீனு ஆட்டோவில் வந்து நின்றான். எத்திராஜ் மிஷின் ஓட்டும்போது கூட நின்று தண்ணீர் ஊற்றிச் சேற்றை வழித்துத் தள்ளுகிற ஆள் அவன். "அக்கா, அண்ணனுக்கு மயக்கம்" என்று மட்டும் சொன்னான். வழியெல்லாம் தன் ஈரக் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒரு சின்ன நர்சிங் ஹோம் வாசலில் ஆட்டோ நின்றபோதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

உள்ளே ரப்பர் ஷீட் போட்ட மேஜையில் எத்திராஜ் கிடந்தான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பக்கத்தில் கண்ட்ராக்டர் ரங்கநாதன் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷர். ஜோகுபாளையத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் மைக் செட் அவர் உபயம். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. அது பொய்த் தண்ணீர் என்று இன்றைக்கும் வனஜா சொல்லமாட்டாள். பயத்திலும் கண் கலங்கும் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

"நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தான் தங்கச்சி. அப்படியே சாஞ்சுட்டான்" என்றார். அவள் அழுது ஓயும்வரை காத்திருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "இப்ப ரெண்டு வழி இருக்கு. போலீஸுக்குச் சொன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்க. இன்னிக்குக் கிடைக்குமா நாளைக்கான்னு சொல்ல முடியாது. இல்லேன்னா டாக்டர் எனக்குத் தெரிஞ்சவர். இப்பவே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். உன் இஷ்டம்மா. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

உன் இஷ்டம் என்றார் பாருங்கள், அங்கேதான் அந்த ஆளின் கெட்டிக்காரத்தனம் இருந்தது.

வனஜாவுக்கு ஒரு அண்ணன் இருந்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லாரியில் அடிபட்டுச் செத்தவன். மூன்றாம் நாள் அவனைப் பிணக்கிடங்கிலிருந்து வெள்ளைத் துணியில் சுருட்டிக் கொடுத்தார்கள். அவிழ்க்காதீர்கள் என்று சொல்லியும் அம்மா கேட்கவில்லை, பிள்ளையைக் குளிப்பாட்டாமல் எப்படி அனுப்புவது என்று அவிழ்த்தாள். கழுத்துக்குழியிலிருந்து அடிவயிறு வரைக்கும் கோணி ஊசியால் தைத்த மாதிரி ஒரு தையல். தண்ணீர் ஊற்றியதும் அது பாதியில் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு அம்மா ஆறு மாசம்கூட இருக்கவில்லை. வனஜா இன்று வரைக்கும் கோணிப்பை தைப்பதைப் பார்க்கமாட்டாள்.

அவள் ரங்கநாதனின் காலில் விழுந்தாள். "அறுக்காம குடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அவர அறுக்காம குடுத்துடுங்க."

பதின்மூன்று வயது மகள் தாரணி அப்போதுதான், யாரோ பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர, வாசலில் வந்து நின்றாள். அம்மா ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு அப்பாவை அறுக்காதீர்கள் என்று கதறுவதைத்தான் அந்தப் பெண் முதலில் பார்த்தது.

கன்னடத்தில் எழுதிய ஒரு காகிதம் வந்தது. ரங்கநாதன் அதை வரி விடாமல் தமிழில் சொன்னார். ஏமாற்றவில்லை. என் கணவரின் மரணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, பிரேதப் பரிசோதனை வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி உண்டு.

"அவருக்கு நெஞ்சு வலியே கெடையாதே சார்."

"அப்படி எழுதினாத்தான் டாக்டர் விடுவார் தங்கச்சி."

அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டு வாசலில் ஆம்பளைகள் எத்திராஜைக் குளிப்பாட்டினார்கள். பெண்டாட்டி மூன்று கை எண்ணெய் வைக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். தலையில் வைத்துவிட்டுக் கையைத் தடவும்போது, வலது உள்ளங்கையில் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. எட்டணாக் காசு அகலத்துக்குக் கருப்பு, ஓரமெல்லாம் வெள்ளை. அந்தக் கையில் எங்கெங்கே காய்ப்பு இருக்கிறது என்று பதினைந்து வருஷமாக அவளுக்குத் தெரியும். இது அதில் சேர்த்தி இல்லை.

"இன்னாது இது?" என்று கேட்டாள்.

ரங்கநாதன்தான் பதில் சொன்னார். "மிஷினைப் பிடிச்சுப் பிடிச்சுக் காய்ச்ச கை தங்கச்சி. உழைச்ச கை." அதைக் கேட்டதும் சுற்றி நின்ற பொம்பளைகள் ஓவென்று அழுதார்கள். வனஜாவும் அழுதாள். கேள்வி அந்த அழுகையோடு போய்விட்டது.

ஜோகுபாளையத்தில் சாவு என்றால் படம் உண்டு. பாடையில் ஏற்றுவதற்கு முன் பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டி, மாலை போட்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பி வைத்து, குடும்பம் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளும். போகிறவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போகிறான் என்று அர்த்தம். கல்யாணத்துக்குப் படம் எடுக்காத குடும்பம்கூட இதை விடாது. எத்திராஜுக்கும் வனஜாவுக்கும் கல்யாணப் படம் இல்லை.

தெருமுனை ஸ்டூடியோ நாணு கேமராவோடு வந்தான். மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினான். இடது கை படிந்தது. வலது கை படியவில்லை. விறைத்துப்போயிருந்த கையை மடக்கித் துணியால் கட்டினால், கட்டை மீறி விலகி, உள்ளங்கையை எதிரே காட்டிக்கொண்டு நின்றது. அதற்குள் ஃப்ளாஷ் ஒரு தரம் அடித்துவிட்டது.

"ஒரு ஸ்நாப் வீணாப் போச்சு. கையக் கூப்புங்கப்பா" என்றான் நாணு.

"பரவால்ல, அப்டியே எடுத்துடு" என்று யாரோ சொன்னார்கள்.

"வேணாம்" என்றாள் வனஜா. "அவரு யாரையும் கும்பிடாம போனவரு இல்ல. கூப்பி வெச்சே எடுங்க."

கூட்டத்திலிருந்து ரங்கநாதன் முன்னால் வந்தார். "நான் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லி, நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, தன் இரண்டு கையாலும் எத்திராஜின் இரண்டு கையையும் அழுத்திச் சேர்த்து மூடிப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு பெரிய மனுஷர் கூலிக்காரன் பிணத்தைக் கூசாமல் தொடுகிறாரே என்று தெருவே பேசிக்கொண்டது. நாணு படம் எடுத்தான்.

அவர்கள் சாதியில் புதைப்பதுதான் வழக்கம். மழையில் குழியெல்லாம் தண்ணீர் நிற்கிறது, கரண்டு சுடுகாட்டில் சொல்லி வைத்துவிட்டேன் என்றார் ரங்கநாதன். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்தது. கரண்டில் செத்தவனைக் கரண்டிலேயே எரித்தார்கள். பத்து நாள் கழித்து நாணு அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாச் செலவும் கண்ட்ராக்டருடையது என்றான். வனஜா அதைச் சுவரில் மாட்டி, கீழே விளக்கு வைத்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சீனு குடித்துவிட்டு வந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் இலையைத் தொடவில்லை. படத்தைப் பார்த்தான். எழுந்து வந்து வனஜாவின் முன்னால் நின்றான்.

"நெஞ்சு வலி இல்லக்கா. கரண்டு. மிஷின வுடவே முடியல அண்ணனால. நான் போயி மெயின ஆஃப் பண்றதுக்குள்ள கருகின வாசனையே வந்துச்சு. விரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்தோம். நானும் கண்ட்ராக்டரும்தான்."

வனஜா வாய்விட்டு அழவில்லை. தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் வைக்கும்போது பள்ளத்தில் இறங்கிய விரலைப் பார்த்தாள். பிறகு இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

வக்கீல் சிவசங்கரன் லிங்கராஜபுரத்தில் இருந்தார். லேபர் கோர்ட்டுக் கேஸாக எடுத்து நடத்துகிறவர், ஏழைகளிடம் முன்பணம் கேட்காதவர் என்று வனஜா சமைக்கிற வீட்டம்மா அனுப்பினாள். அவர் வனஜா சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வேலை செய்யும்போது வேலையால செத்திருந்தா நஷ்ட ஈடு உண்டும்மா. உன் பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் தாங்கும். ஆனா கரண்டுன்னு எதை வெச்சு நிரூபிக்கறது? போஸ்ட்மார்ட்டம் இல்ல. போலீஸ் இல்ல. பொதைச்சிருந்தா தோண்டியாவது பார்க்கலாம்."

"எரிச்சிட்டோம் சார்."

"யார் சொல்லி எரிச்சீங்க?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். "அந்தக் காயத்தை உன்னைத் தவிர வேற யாராவது பார்த்தாங்களா?"

அப்போதுதான் அவளுக்கு வீணாய்ப் போன ஸ்நாப் ஞாபகத்துக்கு வந்தது. ஃப்ளாஷ் அடித்தபோது அந்தக் கை கேமராவைப் பார்த்துக்கொண்டு விரிந்திருந்தது. கேமரா பார்த்திருக்கிறது. பிரிண்ட் போடாவிட்டால் என்ன, நெகட்டிவ் இருக்கும். இதைச் சொன்னதும் சிவசங்கரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வனஜா பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே ஜோகுபாளையத்துக்கு வந்தாள். நாணு ஸ்டூடியோவில் ஒரு கைக்குழந்தையைப் படம் எடுப்பதற்காகக் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தான். குழந்தை சிரித்து, படம் எடுத்து, அவர்கள் வெளியே போகும்வரை அவள் ஓரமாக நின்றாள்.

"நாணு, எங்க வூட்டுக்காரரு படத்துல ஒண்ணு வீணாப் போச்சுன்னியே, அந்த நெகட்டிவ் வேணும்."

"அது என்னாத்துக்குக்கா? கை விலகிகினு கோரமா இருக்கும்."

"இருக்கட்டும். குடு."

"என்கிட்ட எங்க இருக்கு? ரோலோட கண்ட்ராக்டர் வாங்கிகினு போயிட்டாரே. பிரிண்ட் போட்ட மறுநாளே ஆள் அனுப்பிச்சாரு. காசு குடுத்தவங்களுக்குத்தானே நெகட்டிவ், அதான வழக்கம்? ஞாபகத்துக்கு வெச்சுக்கணும்னாரு. பெரிய மனுஷன்க்கா. உனக்கு ஃப்ரேம் போட்டுக் குடுக்கச் சொன்னதே அவருதான்."

நாணு நல்லவன். அவன் அதில் ஒரு தப்பையும் காணவில்லை. அவள் கல்லாய் நின்றதைப் பார்த்துத் துக்கம்தான் என்று நினைத்து, உட்காருங்கள் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

கேஸ் போட்டார்கள். ரங்கநாதனிடமிருந்து பதில் வர ஏழு மாசம் ஆயிற்று. எத்திராஜ் என்று யாரும் தன்னிடம் வேலை செய்யவில்லை, அப்படி ஓர் ஆளைத் தனக்குத் தெரியாது, இந்தப் பெண் யாரோ தூண்டிவிட்டு வந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தது. மைக் செட் உபயம் செய்கிற மனுஷர் நாக்கூசாமல் எழுதியிருந்தார். சிவசங்கரனுக்கோ சிரிப்பு வந்தது.

"அவசரப்பட்டுட்டான்மா. தெரியாதுன்னு சொல்லிட்டான் இல்ல? உன் வீட்டுல ஒரு படம் மாட்டியிருக்கேன்னியே, யார் அதுல கையைப் பிடிச்சுட்டு நிக்கறது?"

படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு எடுத்துப்போனாள். சட்டத்தில் அன்றைக்குக் காலையில் வைத்த கதம்பம் அப்படியே இருந்தது. சிவசங்கரன் அதை எடுத்துப் போட்டுவிட்டு, கேஸை விசாரிக்கிற கமிஷனர் முன்னால் நீட்டினார். தெரியாத ஆளுடைய பிணத்தின் கையை இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் யார் என்று எதிர்த்தரப்பைப் பார்த்துக் கேட்டார். ரங்கநாதனின் வக்கீல் படத்தை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாய்தா கேட்டார். வெளியே வந்ததும் சிவசங்கரன் வனஜாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நாலு வருஷத்தில் அவள் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

அடுத்த வாய்தாவில் ரங்கநாதனே கூண்டில் ஏறினார். ஆமாம், எத்திராஜ் என் ஆள்தான், வக்கீல் குமாஸ்தா தப்பாக எழுதிவிட்டான் என்றார். எத்திராஜ் எனக்குத் தம்பி மாதிரி. இதோ அவர்களே கொடுத்த படம். நான் பிடித்துக்கொண்டிருக்கிற கையைப் பாருங்கள். கரண்டு அடிக்க விட்டுக் கொன்றவன் ஊர் பார்க்க அந்தக் கையைப் பிடிப்பானா? எரித்தவரைக்கும் கூட இருந்தேனே, ஓடிப் போகவில்லையே. சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கமிஷனர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

பிறகு வனஜாவைக் கூண்டில் ஏற்றினார்கள். ரங்கநாதனின் வக்கீல் கன்னடத்தில் கேட்டார். அவள் ஜோகுபாளையத்துக் கன்னடத்தில் பதில் சொன்னாள்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"போஸ்ட்மார்ட்டம் வேண்டாம்னு உன்னை யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லீங்க."

"அடிச்சாங்களா? பணம் குடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப யார் கேட்டது?"

"நான்தான் கேட்டேன்."

"என்ன சொல்லிக் கேட்டே?"

அவள் சிவசங்கரனைப் பார்த்தாள். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுக்காம குடுங்கன்னு கேட்டேன்."

"உள்ளங்கையில் காயத்தைப் பார்த்ததா சொல்றே. எப்ப பார்த்தே?"

"எண்ணெ வெக்கும்போது."

"பார்த்த பிறகாவது போலீஸுக்குப் போனியா? டாக்டரைக் கூப்பிட்டியா? இல்லே, அதே காயம் பட்ட கையைக் கூப்பி வெச்சு மறைச்சுப் படம் எடுக்கச் சொன்னியா?"

"மறைக்கச் சொல்லலீங்க. கும்பிடச் சொன்னேன்."

"கூப்பி வெக்கச் சொன்னது நீயா, ரங்கநாதனா?"

"நான்தான்."

"விலகின கையோடயே எடுங்கன்னு ஊர்க்காரங்க சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"வேண்டாம்னது யாரு?"

"நான்" என்றாள் வனஜா. கேட்டவர் போதும் என்று உட்கார்ந்துவிட்டார். கூண்டிலிருந்து இறங்கச் சொல்லியும் அவள் கொஞ்ச நேரம் இறங்கவில்லை, இன்னும் ஏதோ கேட்பார்கள், அதற்காவது சரியாகப் பதில் சொல்லலாம் என்பதுபோல நின்றாள்.

கடைசியாகச் சீனு. அவனை அவள் பக்கத்துச் சாட்சி என்றுதான் சிவசங்கரன் எழுதியிருந்தார். சம்மன் போனபோது அவன் ரங்கநாதனின் ஆளாய்க் கூண்டில் வந்து நின்றான். அவன் இப்போது மேஸ்திரி. எத்திராஜின் மிஷின் அவன் கையில்தான் இருந்தது, புது ஒயர் போட்டு. காலையிலிருந்தே எத்திராஜ் அண்ணன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார், வாயுத் தொல்லை என்றார், நான்தான் சோடா வாங்கி வந்து கொடுத்தேன் என்றான். சோடாவைக்கூட விடாமல் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பதினாறாம் நாள் நீ என்ன சொன்னாய் என்று சிவசங்கரன் கேட்டதற்கு, அன்றைக்குக் குடித்திருந்தேன், ஞாபகம் இல்லை என்றான். இறங்கிப் போகும்போது வனஜாவின் பக்கம் திரும்பவில்லை. அவள்தான் அவன் காலைப் பார்த்தாள். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான்.

இரண்டாயிரத்து இரண்டு, மார்ச் மாசம் தீர்ப்பு வந்தது. இறந்தவர் எதிர்மனுதாரரின் தொழிலாளி என்பது மனுதாரர் தாக்கல் செய்த புகைப்படத்தின் மூலம் நிரூபணமாகிறது. விபத்தினால் மரணம் ஏற்பட்டது என்பது நிரூபிக்கப்படவில்லை. அதே புகைப்படம், எதிர்மனுதாரர் இறந்தவரிடம் மனிதாபிமானத்துடன் நடந்துகொண்டதைக் காட்டுகிறது. மனு தள்ளுபடி. சிவசங்கரன் இதை அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னார். ஹைகோர்ட்டுக்குப் போகலாமா என்று அவள் கேட்டாள். போகலாம், ஆனால் புதிதாகக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது என்றார். படத்தைத் திருப்பி வாங்க மனுப் போட்டு, அதற்கு இன்னும் மூன்று மாசம் அலைய வேண்டியிருந்தது.

அதை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது ரங்கநாதன் எதிரே வந்தார். வேறொரு கேஸுக்காக வந்திருந்தார் போலிருக்கிறது. ஒதுங்கிப் போவார் என்று பார்த்தால் நின்றார். அதே மெதுவான குரல்.

"மனசுல எதுவும் வெச்சுக்காதே தங்கச்சி. வக்கீலுங்க ஆயிரம் பேசுவாங்க. தாரணி என்ன பண்றா?"

வனஜா படத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணம்னா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. எத்திராஜ் பொண்ணு எனக்கும் பொண்ணுதான்." அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசியைத் தன் விரலாலேயே துடைத்துவிட்டுப் போனார்.

தாரணி பத்தாவதோடு நின்றுவிட்டிருந்தாள். இப்போது கார்மெண்ட்ஸில் பிசிர் நூல் வெட்டுகிற வேலை. சட்டைக்கு முப்பது இடத்தில் நூல் வெட்ட வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை சட்டை என்று கணக்கு. கம்பெனியில் கொடுத்த சின்ன நூல் கத்தரியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டே வீட்டுக்கும் வருவாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வனஜா படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து எடுத்தாள். ஆணியில் மாட்டலாம் என்று மூன்று நாளாகக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மாட்டினால் விளக்கு வைக்க வேண்டும், பூ வைக்க வேண்டும், விழுந்து கும்பிட வேண்டும். யாரை? எத்திராஜுக்கு இதைவிட்டால் வேறு படம் இல்லை. கல்யாணத்துக்கு எடுக்கவில்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்த தபால்தலை அளவுப் படத்தைக் கேஸ் கட்டிலிருந்து யாரும் திருப்பித் தரவில்லை.

"கத்தரியக் குடுடி" என்றாள்.

தாரணி கயிற்றோடு கழற்றிக் கொடுத்தாள். வனஜா தரையில் உட்கார்ந்து முதலில் ரங்கநாதனின் தலையை வெட்டினாள். சந்தனப் பொட்டோடு அது சுருண்டு கீழே விழுந்தது. தோள் போயிற்று. வெள்ளைச் சட்டை முழுதும் போயிற்று. முழங்கை வரைக்கும் கத்தரி சுலபமாகப் போயிற்று. அங்கே நின்றது.

கைகள் மிச்சமிருந்தன. அந்த ஆளுடைய பத்து விரலும் எத்திராஜின் கூப்பிய கைகளை மூடிக்கொண்டு நெஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தன. அவள் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். மோதிரம் போட்ட விரலின் ஓரமாக வெட்டிப் பார்க்கலாமா என்று பார்த்தாள். எந்தப் பக்கத்திலிருந்து போனாலும் எத்திராஜின் நெஞ்சு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

கத்தரியின் முனையை எத்திராஜின் கழுத்துக்குழியில் வைத்தாள்.

"அம்மா" என்றாள் தாரணி. பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். அவளுக்கு இப்போது பதினேழு வயது. ஆனால் குரல் நர்சிங் ஹோம் வாசலில் நின்ற பெண்ணுடையதாக இருந்தது. "வேணாம்மா. அப்பாவ அறுக்காதம்மா."

வனஜா மகளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, கழுத்திலிருந்து கீழே, கோணாமல் வெட்டத் தொடங்கினாள்.